கிராங்கின் மூலை

கிராங்க் ஷாஃப்ட் உடைந்தால் பெரும்பாலும் அதன் மூலையில்தான் உடைந்திருக்கும். கனெக்டிங் ராடைப் பிடிக்கும் கிராங்க்பின்னும், அதைத் தாங்கும் வெப் என்கிற தடித்த தகடும் சேரும் இடத்தில், விரல்நுனிகூடச் சரியாகப் பதியாத ஒரு சிறிய வளைவு இருக்கும். பட்டறைப் பேச்சில் அது ரேடியஸ். சிலிண்டரில் டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் தள்ளும் விசை அந்த வளைவை விரிக்கப் பார்க்கிறது. தள்ளல் ஓய்ந்ததும் வளைவு பழைய நிலைக்குத் திரும்புகிறது. நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 900 வெடிப்பு, மணிக்கு 54,000. ஒரு நாள் முழுக்க வலை இழுத்தால் ஏறக்குறைய 13 லட்சம். எஃகு எவ்வளவு களைப்பைத் தாங்கும் என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பவர்கள் ஒரு கோடி சுழற்சிவரை சோதிப்பது வழக்கம். விசைப்படகின் கிராங்க் அந்த எண்ணிக்கையை எட்டே நாள் ஓட்டத்தில் தாண்டிவிடுகிறது.

உடைந்த கிராங்கின் முகத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்தால் நடந்தது முழுவதும் அதில் தெரியும். விரிசல் தொடங்கிய புள்ளி ரேடியஸின் தோலில் இருக்கும். அங்கிருந்து, அலை பின்வாங்கிய ஈர மணலில் கோடுகள் அடுக்கி நிற்பதுபோல, வளைந்த வரிகள் உள்நோக்கிப் பரவியிருக்கும். அந்தப் பகுதி வழவழப்பாக இருக்கும். பல பயணங்களாக மெல்ல மெல்லப் பிளந்த இடம் அது. எஞ்சிய பகுதி சொரசொரப்பாக, மணிமணியாக மின்னும். கடைசி நொடியில் ஒரேயடியாக முறிந்த இடம். வழவழப்பான பகுதி பெரிதாகவும் சொரசொரப்பான பகுதி சிறிதாகவும் இருந்தால் பாரம் அதிகமில்லை, தொடக்கப் புள்ளியில்தான் குற்றம் என்று அறியலாம். கூடுதல் திறனுக்காக ஒரு கிராங்கைத் தயார் செய்யும் வேலையில் தேர்வு, கிரைண்டிங், வடிவம் திருத்துதல், கெட்டிப்படுத்துதல் என எத்தனையோ படிகள் உண்டு. அத்தனையையும் அந்த மூலைக்கு நன்மையா கெடுதலா என்று கேட்டே எடைபோட வேண்டும். பேரிங்கில் சுழலும் பகுதியான ஜர்னலின் பளபளப்பு அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் புதுமடத்தில் இந்த வேலைக்கு ஒரு பருவம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017க்கு முன்பு அது 45 நாளாக இருந்தது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. சிறிய டீசல் இன்ஜின் பூட்டிய வள்ளங்கள் தென்கடலில் போய்வந்துகொண்டிருக்கும். மண்டபத்திலும் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் நங்கூரமிட்டுக் கிடக்க, இன்ஜின்கள் மட்டும் கரையேறும். கிராங்க் கழன்று ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ கிரைண்டிங்குக்குப் போகும். இந்தக் கரையில் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய. அவர்களில் பெரிய டீசல் பட்டறைகளில் இருந்தவர்கள் மைக்ரோமீட்டரையும் டயல் கேஜையும் சர்வசாதாரணமாகக் கையாள்வார்கள். தடைக் காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கிரைண்டிங் பட்டறை வாசலில் கிராங்குகள் வரிசையில் நிற்கும். அந்த வாரத்தில் அவசரமாக அரைத்த கிராங்குகளை நம்புவது கடினம். முதல் பத்து நாளிலேயே கழற்றி அனுப்பும் படகுக்காரருக்குக் கிடைக்கும் வேலையின் தரமே வேறு.

இங்கே ஓடும் விசைப்படகுகளில் பெருமளவு அசோக் லேலண்டின் ஆறு சிலிண்டர் டீசல்கள். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி 1955இல் இன்றைய பெயருக்கு மாறிய அந்த நிறுவனத்தின் 370, 400 கன அங்குல இன்ஜின்கள் பஸ்ஸிலும் லாரியிலும் பேர் வாங்கியவை. கடலுக்கேற்ற வடிவிலும் வந்தன. பஸ்ஸில் இன்ஜினுக்கு நிறுத்தத்தில் ஓய்வு, இறக்கத்தில் ஓய்வு. படகில் அந்தச் சலுகை இல்லை. வலை கடலில் இருக்கும் மணிக்கணக்கும் ஒரே பாரம், ஒரே சுற்று. புரொப்பெல்லர் கேட்கும் திறன் சுற்றின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. சுற்றைப் பத்து சதவீதம் கூட்டினால் திறன் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தேவைப்படும். அவ்வளவையும் கிராங்க்தான் சுமக்க வேண்டும்.

பந்தய இன்ஜினில் கிராங்கின் துன்பம் வேறு வகை. சோழவரம் விமானத்தளத்தில் தொடங்கி 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் சென்னைப் பந்தயங்களுக்கும், கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்துக் கட்டிய ஃபார்முலா கார்களுக்கும் தேவைப்பட்டது உயர்ந்த சுற்று. 80 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள ஓர் இன்ஜின் 6,000 சுற்றில் ஓடும்போது, மேல்முனையில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 2,000 மடங்கைத் தாண்டும். அரைக் கிலோ எடையுள்ள பிஸ்டனும் அதன் துணை உறுப்புகளும் அந்தக் கணத்தில் ஒரு டன் விசையோடு கிராங்க்பின்னை மேலே இழுக்கின்றன. பெட்ரோல் எரிவதன் அழுத்தத்தைவிட இந்த இழுப்பே அங்கே பெரிய கவலை. பந்தயக் கிராங்க் சில நிமிடங்களுக்கு உயிரைக் கொடுக்கிறது. படகுக் கிராங்க் பல்லாயிரம் மணிநேரம் தோள் கொடுக்கிறது. இரண்டிலும் சோதனைக்கு உள்ளாவது அதே மூலை. அதனால் பந்தயக்காரர்கள் கண்டுபிடித்த முறைகளில் பாதி, படகுக்கும் அப்படியே பொருந்தும். மற்ற பாதி படகுக்கு ஆகாது.

முதல் வேலை, கையில் இருப்பது எந்த வகைக் கிராங்க் என்று பார்ப்பது. அடித்துச் செய்த ஃபோர்ஜிங்கா, வார்த்த இரும்பா? வெப்பின் பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு இருக்கும். அது விரற்கடை அகலத்துக்குச் சீவப்பட்டிருந்தால் ஃபோர்ஜிங். மெல்லிய கோடாக மேலெழும்பி நின்றால் வார்ப்பு. கயிற்றில் தொங்கவிட்டு வெப்பில் சின்னச் சுத்தியலால் தட்டினால் ஃபோர்ஜிங் நீண்டு ஒலிக்கும். வார்ப்பு மந்தமாகச் சத்தமிட்டு அடங்கும். ஃபோர்ஜிங் கிராங்கும் மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு அடுத்த படிக்குப் போக வேண்டும். கனரக டீசல்களில் ஃபோர்ஜிங்தான் வழக்கம். பந்தயத்துக்கென்று புதிதாகக் கடைந்து எடுப்பவர்கள் இஎன் 24 போன்ற நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகைத் தேடுவார்கள்.

கிராங்கின் பூர்வகதையும் முக்கியம். ஆயில் இல்லாமல் ஓடிப் பேரிங் பிடித்த கிராங்கில், ஜர்னல் நீலம் பாய்ந்து வெந்திருக்கும். அரைத்தால் நீலம் போய்விடும். உள்ளே மாறிப்போன எஃகு திரும்பாது. அப்படிப்பட்டதை மறுபடியும் வள்ளத்துக்கோ லாரிக்கோ கொடுக்கலாம் என்பவர்கள் உண்டு. திறன் கூட்டப் போகும் இன்ஜினுக்கு அது வேண்டாம்.

பிறகு சுத்தம். பிளாக்கில் அமரும் மெயின் ஜர்னலிலிருந்து கிராங்க்பின்னுக்கு ஆயில் போகும் துளைகள் வெப்புக்குள் சாய்வாக ஓடும். அவற்றின் கடைவாயில் பிளக் அடித்திருக்கும். பிளக்கைக் கழற்றாமல் காற்று மட்டும் ஊதினால், சுழற்சி வேகத்தில் வெளிப்பக்கம் போய் ஒட்டிக்கொண்ட கசடு அங்கேயே இருக்கும். புதுப் பேரிங் போட்டு இன்ஜின் சூடான பிறகு அது இளகி வந்து பேரிங் ஷெல்லைக் கீறும். பிளக்கைக் கழற்றி, நீண்ட பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். கிரைண்டிங் முடிந்ததும் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அரைத்த கல்லின் தூள் அந்தத் துளைகளுக்குள்தான் போய் உட்காரும்.

விரிசல் சோதனையில் பழைய முறை சுண்ணாம்புப் பொடி முறை. கிராங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வெளியே எடுத்து, பழந்துணியால் ஈரம் தெரியாமல் துடைப்பார்கள். ரேடியஸ் சுற்றிலும் சாக்பீஸைப் பொடித்துத் தூவி, வெப்பை மெல்லத் தட்டுவார்கள். விரிசல் இருந்தால், உள்ளே புகுந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து வெள்ளைப் பொடியில் ஒரு மெல்லிய பழுப்புக் கோட்டை வரையும். கோடு முதலில் முடியளவு இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடிக்கும். பெரிய விரிசலுக்கு இது போதும். நுண்ணிய விரிசலை இது காட்டாது. நகரத்துப் பட்டறைகளில் காந்தத் துகள் சோதனை செய்கிறார்கள். கிராங்கில் மின்சாரம் பாய்ச்சிக் காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றி, இருட்டில் புறஊதா விளக்கடியில் பார்த்தால் விரிசல் பச்சைக் கோடாக எரியும். நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் என இரு திசையிலும் காந்தமாக்க வேண்டும். ஒரு திசையில் மறைவது மறு திசையில் தெரியும். முடிந்ததும் காந்தத்தை எடுத்துவிட வேண்டும். எடுக்காத கிராங்க், ஆயிலில் வரும் இரும்புப் பொடியையெல்லாம் தன்மேல் இழுத்துக்கொள்ளும். இந்தச் சோதனையை அரைப்பதற்கு முன்பு ஒருமுறை, அரைத்த பின்பு ஒருமுறை என இருமுறை செய்வதே முறை. அரைப்பதே விரிசலை உண்டாக்கக்கூடும் என்பதால் இரண்டாவது சோதனையைக் கைவிடக் கூடாது.

கடல் இன்ஜினுக்கே உரிய ஒரு குற்றமும் உண்டு. ஹெட் கேஸ்கெட் வழியாகவோ ஆயில் கூலர் வழியாகவோ உப்புநீர் ஆயிலில் கலந்து சில நாள் நின்றிருந்தால், ஜர்னலிலும் ரேடியஸிலும் ஊசிமுனைக் குழிகள் விழுந்திருக்கும். ஜர்னலில் உள்ள குழி அரைத்தால் போய்விடும். ரேடியஸில் உள்ள குழி களைப்பு விரிசலுக்குப் போட்ட விதை. கைலென்ஸ் வைத்து ஒவ்வொரு வளைவையும் சுற்றிப் பார்த்து, குழி முழுவதும் மறையும்வரை அந்த வளைவைத் திருத்த முடியாவிட்டால் கிராங்கை ஒதுக்கிவிட வேண்டும்.

அளவெடுப்பதில் சொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசையில் மைக்ரோமீட்டரால் பார்த்தால் நீள்வட்டத் தேய்வும் சரிவுத் தேய்வும் தெரிந்துவிடும். கிராங்க்பின் ஒரு பக்கம் அதிகம் தேயும், ஏனென்றால் விசை ஒரே பக்கத்தில் விழுகிறது. வெயிலில் வண்டியில் வந்து இறங்கிய கிராங்கை உடனே அளக்கக் கூடாது; இரவு முழுக்க நிழலில் கிடந்த பிறகு அளந்தால்தான் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை நம்பலாம்.

கிராங்க் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது நிதானம் வேண்டிய வேலை. இரு முனை மெயின்களையும் வி பிளாக்கில் வைத்து, நடு மெயினில் டயல் நிறுத்தி மெதுவாகச் சுற்றினால் முள் எவ்வளவு ஆடுகிறதோ அதில் பாதிதான் வளைவு. படுக்கைவாட்டில் பல மாதம் கிடந்த கிராங்க் தன் எடையாலேயே வளையும் என்ற நம்பிக்கையில் அனுபவசாலிகள் அதை நிமிர்த்தி வைப்பார்கள், அல்லது தொங்கவிடுவார்கள். பெண்டு எடுப்பதற்கு பிரஸ்ஸில் வைத்து அழுத்துவது எளிய வழி. ரேடியஸில் மழுங்கிய உளியால் அளவோடு தட்டி எடுப்பது நுணுக்கமான வழி. தட்டிய இடத்தில் எஃகு பரவி, மூலையில் நன்மை தரும் அழுத்தத்தை விட்டுச் செல்லும். ஆனால் தோல் நைட்ரைடு செய்யப்பட்டிருந்தால், அதாவது நைட்ரஜன் ஊட்டிக் கெட்டிப்படுத்தியிருந்தால், இரண்டுமே ஆபத்து. கண்ணாடி போலக் கெட்டித்த அந்தத் தோல் வளைந்தால் வெடிக்கும். நைட்ரைடு இருக்கிறதா என்று அறிய ஜர்னலின் நடுவில் 10 சதவீத காப்பர் அமோனியம் குளோரைடு கரைசலில் ஒரு சொட்டு விடுவார்கள். சாதாரண எஃகில் அது உடனே செம்பு படிந்து பழுப்பாகும். நைட்ரைடு இருந்தால் பத்து வினாடி ஆனாலும் நிறம் மாறாது. சொட்டை உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும்.

எவ்வளவு அரைப்பது என்பது அடுத்த முடிவு. கடையில் ஷெல்கள் 10, 20, 30, 40 சைஸில் கிடைக்கின்றன; ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு குறைவு என்று பொருள். மில்லிமீட்டரில் 0.25, 0.50, 0.75, 1.00. ஒவ்வொரு சைஸும் கிராங்கின் வலுவில் ஒரு துண்டை எடுக்கிறது. 60 மி.மீ. கிராங்க்பின்னை 59 ஆக்கினால் முறுக்கைத் தாங்கும் விறைப்பு ஏறக்குறைய ஆறரை சதவீதம் குறைகிறது, ஏனெனில் விறைப்பு விட்டத்தின் நான்மடியைப் பொறுத்தது. மெயினும் கிராங்க்பின்னும் பக்கவாட்டில் பார்க்கும்போது ஒன்றையொன்று மறைத்துக் கொள்ளும் பகுதியும் சுருங்குகிறது. வெப்புக்கு வலு தருவது அந்தப் பகுதி. கூடுதல் திறன் எடுக்கப் போகும் இன்ஜினில் 20 சைஸுக்குக் கீழே போவது நல்லதல்ல. 40 சைஸ் கிராங்கில் டர்போ பூட்டுவதைவிட, நல்ல பழைய கிராங்கு ஒன்றைத் தேடிக் கொண்டுவருவது மலிவு.

ஸ்ட்ரோக்கைக் கூட்டும் முறை இந்தக் கணக்கோடு நேரடியாக மோதுகிறது. கிராங்க்பின்னைச் சுற்றிலும் சமமாக அரைக்காமல், உட்பக்கத்தில் அதிகமாகவும் வெளிப்பக்கத்தில் சற்றும் தொடாமலும் அரைத்தால் கிராங்க்பின்னின் மையம் வெளியே நகரும். விட்டம் 1 மி.மீ. குறைந்தால் மையம் 0.5 மி.மீ. நகரும், ஸ்ட்ரோக் 1 மி.மீ. கூடும். பந்தய விதிகள் அனுமதிக்கும் கொள்ளளவைக் கடைசி சி.சி. வரை எட்ட விரும்புபவர்கள் இதைச் செய்வார்கள். படகுக்கு இது வீண். 115 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 1 மி.மீ. என்றால் கொள்ளளவு ஒரு சதவீதம்கூடக் கூடாது. அதற்கு விலையாக ஆறரை சதவீத விறைப்பு போகிறது. போதாததற்கு பிஸ்டன் ஹெட்டை நோக்கி அரை மில்லிமீட்டர் நெருங்குகிறது. டீசலில் அந்த இடைவெளியே ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதுதான். மேலும், 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழான விதிகள் விசைப்படகு இன்ஜினுக்கு 240 குதிரைத்திறன் என்று எல்லை வைத்திருக்கின்றன. இந்தக் கரையில் கிராங்கின் வேலை, அந்த எல்லைக்குள் கிடைக்கும் திறனை வருடக்கணக்கில் முறியாமல் சுமப்பது. வெல்டிங் வைத்து மேடாக்கி ஸ்ட்ரோக் கூட்டுவதும் பந்தய உலகில் உண்டு. வெல்டிங் சூட்டில் கிராங்க் முறுக்கிக்கொள்ளும், வெல்டின் ஓரம் மூலைக்குப் பக்கத்திலேயே போய் முடியும். அதைக் கடலுக்கு அனுப்பக் கூடாது.

இனி கிரைண்டிங். இங்கேதான் மூலையின் தலைவிதி எழுதப்படுகிறது. சுற்றும் கல்லின் இரு ஓரங்களையும் வைரமுனையால் சீவி வளைவாக்குவார்கள்; அந்த வளைவுதான் ரேடியஸாகக் கிராங்கில் பதியும். கல்லில் முதலில் தேய்வது அதன் ஓரம். ஆறு கிராங்க்பின்னையும் ஒரே மூச்சில் அரைக்கும் ஆள், முதலாவதில் முழு வளைவையும் ஆறாவதில் வடிவம் கெட்ட வளைவையும் விட்டுவிடுவார். நல்ல கிரைண்டர் ஒவ்வொரு ஜர்னலுக்கும், குறைந்தது இரண்டுக்கு ஒருமுறையாவது, கல்லுக்கு வைரம் போடுவார். அரைத்து முடித்த இடத்தில் ரேடியஸ் கேஜை வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கேஜின் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வளைவு கூர்மையாகிவிட்டது, ஓரங்களில் தெரிந்தால் பெரிதாகிவிட்டது. கூர்மையானால் விரிசல், பெரிதானால் ஷெல்லின் ஓரம் வளைவின் மேல் ஏறி உட்கார்ந்து தேயும். தயாரிப்பாளர் சொன்ன அளவில், மேல் எல்லையை ஒட்டி விடுவது சிறந்தது. பந்தய இன்ஜின் கட்டுபவர்கள் இன்னும் சற்றுப் பெரிய வளைவு விட்டு, ஷெல்லின் ஓரத்தைச் சீவி இடம் கொடுப்பார்கள். படகு இன்ஜினிலும் இதைத் தாராளமாகச் செய்யலாம். செலவு மிகக் குறைவு, பலன் பெரிது. வளைவும் ஜர்னலும் சேரும் இடத்தில் படியோ கோடோ இருக்கவே கூடாது; நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது.

கல்லைப் பசியோடு உள்ளே தள்ளினால் எஃகு வேகும். வெந்த தழும்பு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். நைட்ரிக் அமிலத்தை ஸ்பிரிட்டில் மிகக் குறைவாகக் கலந்து துடைத்தால் கருத்த திட்டுகளாகத் தெரியும். அந்தத் திட்டுகளைச் சுற்றி முடியளவு விரிசல்கள் கிளம்பும். பொறி பறக்கும் சத்தத்தைக் கேட்டே அனுபவசாலி வேலையின் நிலையைச் சொல்லிவிடுவார். தொடக்கத்தில் சத்தம் தடித்து இரைகிறது. அளவு நெருங்கும்போது உள்தள்ளலை நிறுத்திவிட்டுக் கல்லைச் சும்மா ஓடவிடுவார். பொறி மெலிந்து, சத்தம் குறைந்து, கடைசியில் கல் ஓடும் காற்றின் ஒலி மட்டும் மிஞ்சும். அதுவரை காத்திருந்தால் ஜர்னல் உருண்டையாக வரும். கூலண்ட் தாராளமாகக் கொட்ட வேண்டும். கடலோரப் பட்டறைகளில் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும். அதில் கலந்த கட்டிங் ஆயில் பிரிந்து மேலே மிதக்கும், குளிர்விக்காது, அரைத்த பரப்பில் ஒரே இரவில் துருவும் ஏறும். நல்ல தண்ணீர் வாங்கிக் கலப்பவரிடம் கிராங்கைக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

ஆறு சிலிண்டர் கிராங்கில் கிராங்க்பின்கள் இரண்டிரண்டாக, 120 பாகைக்கு ஒரு ஜோடியாக அமையும். அரைக்கும்போது ஒவ்வொன்றின் ஸ்ட்ரோக்கும் கோணமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் சற்று மேலே, இன்னொன்றில் சற்றுக் கீழே நின்றால் கம்ப்ரஷன் மாறும், வெடிப்பின் பலம் மாறும், அந்த ஏற்றத்தாழ்வு முறுக்கு அதிர்வாகக் கிராங்குக்கே திரும்பி வரும். ஆயில் துளையின் வாயைச் சீவி உருட்டிவிடுவதும் இப்போதுதான். கூர்வாய் ஷெல்லைக் கீறும். அதைவிட, முறுக்கு விரிசல்கள் துளைவாயிலிருந்தே கிளம்புவது வழக்கம்.

வெப்புகளைத் திருத்துவது பந்தயக்காரர்களின் பிரியமான வேலை. எதிரெடையின் முன்விளிம்பைக் கத்திபோல் சீவி, ஆயில் மூட்டத்தைக் கிழித்துச் செல்லும்படி செய்வார்கள். எடையும் குறையும், இன்ஜின் சுற்றும் வேகமாக ஏறும். 1,800 சுற்றில் ஓடும் படகு டீசலுக்கு இதில் ஆதாயம் எதுவுமில்லை. எதிரெடையைக் குறைத்தால் மெயின் பேரிங்குகள் கூடுதல் சுமை தாங்க வேண்டியிருக்கும். ஆனால் ஃபோர்ஜிங் அச்சின் கோடுகளையும் சம்மட்டித் தழும்புகளையும் கூர்விளிம்புகளையும் கைகிரைண்டரால் வழித்து உருட்டிவிடுவது எல்லா இன்ஜினுக்கும் நல்லது. தேய்க்கும் கோடுகள் விசை பாயும் திசையில் ஓட வேண்டும். குறுக்குக் கோடு ஒவ்வொன்றும் ஒரு தொடக்கப் புள்ளி. இதற்கு மேலாக, ஜர்னல்களை மூடிவிட்டு ரேடியஸில் எஃகு மணிகளை வேகமாக அடிக்கும் ஷாட் பீனிங் செய்தால், தோல் அழுந்தி, விரிசல் வாய் திறக்கத் தயங்கும்.

அதே பலனை வேறு வழியில் தருவது நைட்ரைடிங். உப்புக்குளியல் முறையில் சுமார் 570 டிகிரியில் ஒன்றரை, இரண்டு மணிநேரம். வாயு முறையில் 500 டிகிரியை ஒட்டி பல மணிநேரம். வாயு முறையின் படலம் தடிப்பானது, உப்புக்குளியலின் படலம் மெல்லியது. எஃகு அதன் கெட்டிக் கட்டமைப்பை இழக்கும் வெப்பத்துக்கு இது கீழே இருப்பதால் கிராங்க் அதிகம் வளையாது. ஆனால் உள்ளே அடங்கியிருந்த இறுக்கங்கள் தளரும்போது சற்று அசையும், அளவும் சில மைக்ரான் பெருகும். எனவே பெண்டு எடுப்பது, அரைப்பது, துளை சீவுவது எல்லாம் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே நைட்ரைடு செய்த கிராங்கை 10 சைஸ் அரைத்தாலே மெல்லிய படலம் போய்விடும். அப்படியே பூட்டிவிட்டு, ‘புதுக் கிராங்க் மாதிரி’ என்று கொடுப்பது இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் அநியாயம். அரைத்தால் மறுபடி நைட்ரைடு செய்தே ஆக வேண்டும். இண்டக்‌ஷன் முறையில் கெட்டிப்படுத்திய கிராங்கில் படலம் சில மில்லிமீட்டர் ஆழம் என்பதால் முதல் ஓரிரண்டு சைஸ் தாங்கும். அங்கே பார்க்க வேண்டியது ரேடியஸ்வரை கெட்டித்தன்மை போயிருக்கிறதா என்பது.

பேலன்சிங்கில் ஆறு சிலிண்டர் நேர்வரிசை இன்ஜினுக்கு இயற்கையே துணை. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். கிராங்கைத் தனியே சுற்றிப் பார்த்தால் போதும். பிஸ்டன்களும் ராடுகளும் தமக்குள் ஒரே எடையாக இருக்க வேண்டும். வி வடிவ இன்ஜின்களில்தான் கிராங்க்பின்னில் கணக்கிட்ட எடைகளைப் பூட்டிச் சுற்ற வேண்டியிருக்கிறது. மையத்திலிருந்து 10 செ.மீ. தூரத்தில் 10 கிராம் மிகுதியாக இருந்தால் 2,000 சுற்றில் அது நாலரைக் கிலோ விசையாக இழுக்கும். 6,000 சுற்றில் 40 கிலோ. அதனால் பந்தயக் கிராங்கில் ஓரிரு கிராமுக்குக்கூட அலைவார்கள். எடை குறைக்கத் துளையிடுவது எதிரெடையின் வெளிவிளிம்பில் மட்டும், ரேடியஸுக்கு அருகில் ஒருபோதும் கூடாது. ஃப்ளைவீலும் முன்புற டேம்பர் புல்லியும் சேர்த்தே பார்க்க வேண்டும். டேம்பரின் ரப்பர் வெடித்தோ ஊதியோ இருந்தால் அதைக் கைவிட்டுப் புதியது வாங்குவது அவசியம். கிராங்கின் முறுக்கு அதிர்வை விழுங்குவது அந்த ரப்பர்தான். புரொப்பெல்லரையோ கியர்பாக்ஸையோ மாற்றினால் எந்தச் சுற்றில் அதிர்வு கூடும் என்பதும் மாறும் என்பதையும் படகுக்காரர் நினைவில் வைக்க வேண்டும்.

கடைசி மெருகு மெல்லிய எமரித் துணியால். அரைப்பது இன்ஜின் சுற்றும் திசைக்கு எதிராகவும், மெருகு அதே திசையிலும் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் படுத்துவிடும், சுற்றும்போது ஷெல்லைக் குத்தாது. எமரியை அளவுக்கு மேல் ஓட்டினால் ஜர்னலின் நடு குழிந்துவிடும்.

பூட்டும்போது ஜர்னலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது கைக்கணக்கு: 75 மி.மீ. மெயினுக்கு 0.075 மி.மீ. கையேட்டில் சொன்ன எண் வேறாக இருந்தால் கையேடே முடிவு. பிளாஸ்டிக் இழையை வைத்து இறுக்கி நசுக்கி, அதன் அகலத்தைப் பார்த்து இடைவெளியை உறுதிசெய்யலாம். கேப்புகளை அதனதன் எண்ணில், நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக டார்க் வைத்து இறுக்கி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்தக் கேப்பை இறுக்கும்போது கனக்கிறதோ அங்கேதான் கோளாறு. இடைவெளியைக் குறைக்கக் கேப்பின் முகத்தை அரத்தால் தேய்ப்பது மன்னிக்க முடியாத குறுக்குவழி. ஷெல் உட்காரும் வட்டம் அதில் சிதைந்துவிடும். திரஸ்ட் வாஷர் போட்டு முன்பின் அசைவையும் டயலில் பார்த்துவிட்டால் பிளாக்கின் வேலை முடிந்தது.

படகில் இறக்கிய பிறகும் கிராங்குக்கு ஒரு கண்டம் இருக்கிறது. கியர்பாக்ஸ் கப்ளிங்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கப்ளிங்கும் முகத்துக்கு முகம் நேராக இல்லாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் கிராங்கின் பின்முனை வரைக்கும் அந்த வளைவு போய்ச் சேரும். மரப்படகு கரையில் தூக்கி வைத்திருக்கும்போது ஒரு வடிவம், தண்ணீரில் மிதக்கும்போது ஒரு வடிவம். அதனால் கரையில் செய்த நேர்ப்படுத்தலை முடிவாக எடுக்காமல், படகு இறங்கி ஓரிரு நாள் மிதந்து, டீசலும் ஐஸும் ஏற்றிய பிறகு, கப்ளிங் முகத்தில் நான்கு திசையிலும் ஃபீலர் விட்டுப் பார்க்க வேண்டும். 100 மி.மீ. விட்டத்துக்கு 0.1 மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் சரி. கச்சான் காற்றில் முதல் சில பயணங்கள் ஓடித் திரும்பியதும் இதை மறுபடி பார்த்து, இன்ஜின் அடிப்பகுதி போல்ட்டுகளை இறுக்கி, முதல் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து விரித்து உலோகத் துகள் இருக்கிறதா என்று வெயிலில் பார்ப்பது வழக்கம். சாம்பல் நிறப் பூச்சாக மிக நுண்ணிய பொடி இருந்தால் புதுப் பேரிங் அமர்ந்ததன் அடையாளம். செதில்செதிலாக மின்னும் துண்டுகள் இருந்தால் சம்ப்பைக் கழற்றி ஷெல்களைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பயணத்துக்கு விட வேண்டும்.